தக்கை

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள்.
எங்கள் ஓடம் ஏறியது, இறங்கவே இல்லை.
ஏப்ரல் முழுக்க வாசலில் நின்று
குடியிருப்போர் சங்கத்திலிருந்து
இரண்டு கடிதம் வாங்கிக் கொடுத்தது.
இரண்டாவதில் அபராதமும் போட்டிருந்தார்கள்.

மூன்று குடும்பம் கூட்டாக வாங்கிய படகு.
விற்றவரின் மனைவி பெயர் இன்னும் அதன் விலாவில்,
சாய்ந்த நீல எழுத்தில்: லிண்டா லூ.
மாற்றிவிடலாம் என்றுதான் கூடிப் பேசினோம்.
மூன்று வீட்டிலும் மனைவிகள் இருந்தோம்.
லிண்டா லூவே இருக்கட்டும் என்று
பஜ்ஜி தீர்வதற்குள் முடிவாகிவிட்டது.

மே மாதக் கடைசிச் சனி. லூயிஸ்வில் ஏரி.
காலை எட்டரைக்கே டெக்சாஸ் வெயிலில்
பிடித்த கம்பியெல்லாம் சுட்டது.
இறங்குதுறைச் சரிவில் எங்களுக்குப் பின்னால்
பதினோரு வண்டிகள், பதினோரு படகுகள்.
ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.
அதுதான் அதிகம் வியர்க்க வைத்தது.

கடலையே பின்வாங்க வைத்த சேரனின் பெயர் என் கணவனுக்கு.
செங்குட்டுவன் நாலாவது முறையாக
ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான்.
படகு இடப்பக்கம் போக
ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும்.
பதினேழு வருஷமாக நான் வீட்டில் போடும் கணக்கு.
அவனுக்குத்தான் புதிது.

ஜெபராஜ் ஒரு பக்கம் கை காட்டினார்,
அன்வர்தீன் இன்னொரு பக்கம்.
லிண்டா லூ இருவரையும் மதித்து
நடுவில் இருந்த குப்பைத் தொட்டியை முட்டியது.
ஏழாவது வண்டியிலிருந்து ஒருத்தி இறங்கி வந்தாள்,
தோளிரண்டும் வெயிலில் உரிந்து, காலில் செருப்பில்லாமல்.
"ஸ்டியரிங்கை அடியில் பிடி," என்றாள்.
"கை போகும் பக்கம் படகும் போகும்."
அவ்வளவுதான். பெயர் கேட்பதற்குள் திரும்பிவிட்டாள்.
லிண்டா லூ ஒரு சத்தமில்லாமல்
ஏரிக்குள் போனது.

கரை விட்டு இருநூறு அடி இருக்கும்.
ஜெட் ஸ்கீகள் கொசுவாய்ச் சுற்றின.
புளியோதரை டப்பாவைத் திறந்திருந்தோம்.
"ஆன்ட்டி, என் ஷூ மிதக்குது,"
என்றான் அன்வர்தீனின் சின்னவன்.

படகின் பின்பக்க ஓட்டைக்கு ஒரு தக்கை உண்டு.
பித்தளை. பாதிச் சுண்டுவிரல் நீளம்.
தொலைந்துவிடக் கூடாதென்று
நான்தான் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன்,
வீட்டில், குக்கர் வெயிட் போடும் இழுப்பறையில்.

யாரும் என்னைத் திட்டவில்லை. நேரமில்லை.
பெயரில் கயல் உண்டு, நீச்சல் தெரியாது:
அங்கயற்கண்ணி ஆகிய நான்
பெட்ரோல் வாடையில் குப்புறப் படுத்து
அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்தேன்.

நின்றது.

பிறகுதான் அந்த அழுத்தம் தெரிந்தது.
பெரிதாக ஒன்றுமில்லை,
பால்குடிக் குழந்தை ஈறால் கவ்வுவது போல.
கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர்,
அதன்மேல் எத்தனையோ படகுகள், பாட்டுச் சத்தம்,
காற்றடைத்த மஞ்சள் வாத்து,
அதனடியில் மூழ்கிப்போன மரங்கள், கெளுத்திகள், இருட்டு,
எல்லாம் சேர்ந்து
என் விரல் நுனியில் சாய்ந்து நின்றன,
மணியடிக்காமல் வாசலில் காத்திருக்கும்
ஒரு விருந்தாளி போல.

ஜெபராஜ் புளியோதரையைக் கொட்டிவிட்டு
அந்த டப்பாவால் இறைத்தார்.
செங்குட்டுவன் கரைக்குத் திருப்பினான்.
"வலிக்குதா? நான் பிடிச்சுக்கட்டுமா?"
வேண்டாம் என்றேன்,
கொஞ்சம் அவசரமாகவே.

துறையில் மறுபடி வரிசை.
தோள் உரிந்தவள் அப்போதுதான் படகை இறக்கியிருந்தாள்.
நான் கிடந்த கிடப்பைப் பார்த்தாள், சிரிக்கவில்லை,
தன் கட்டைவிரலை மட்டும் ஒருமுறை உயர்த்திக் காட்டினாள்.
என்னுடையதை வெளியே எடுத்தபோது
வெளுத்துச் சுருங்கி
வேறு யாருடையதோ போலிருந்தது.

இப்போது தக்கை என் சாவிக்கொத்தில் தொங்குகிறது.
திங்கட்கிழமை மீட்டிங்கில்
யாராவது திரையில் அட்டவணை காட்டிப் பேசும்போது
மேசைக்கடியில் கட்டைவிரலால்
அதை அழுத்திப் பார்ப்பேன்.
அந்தப் பக்கத்திலிருந்து
யாரும் தள்ளுவதில்லை.